தலைமடையா, கடைமடையா? இல்லத்து ஒலிக்கருவித் தொகுதியில் துட்டுப் பகுப்பு: ஒரு நெல்லை ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து நல்ல பாட்டுக் கேட்க வேண்டும். பாட்டைத் தரும் மூலக்கருவி, அதைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், வெளியே விடும் ஸ்பீக்கர், மூன்றையும் இணைக்கும் ஒயர் ஆகிய நான்கு பங்காளிகளுக்கும் இத்தொகையை எவ்வாறு பிரிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா எனின், ஒரு முழ வரப்புக்காக மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும் மண்ணில் பங்கு பற்றிய எந்தக் கேள்வியும் சிறிதன்று என்க.

வெளிநாட்டார் பலர் இதை முன்பே ஆராய்ந்துள்ளனர். ஆனால் அவர்கள் மடை பார்த்தவர்கள் அல்லர். பொதிகையில் இறங்கும் தாமிரபரணி, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளில் பங்காகிறது. தலைமடையில் நீர் கெட்டால் கீழே உள்ளவனுக்கும் கெட்ட நீர்தான். கடைமடையில் வாய்க்கால் தூர்ந்து கிடந்தாலோ மேலே ஆறு நிறைந்து ஓடியும் பயிருக்குப் பயனில்லை. ஒலிக்கருவி ஆர்வலரும் இவ்விரு கட்சியாகவே நிற்கின்றனர்.

2. முன்னோர் கொள்கைகள்

தலைமடைக் கட்சியின் மூலவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஐவர் டீஃபன்புரூன். 1970-களில் லின் சோண்டெக் எல்பி12 என்னும் இசைத்தட்டுச் சுழலியைச் செய்து விற்றவர். மூலத்தில் விட்டதைப் பின்னால் வரும் எந்தக் கருவியாலும் பிடிக்க முடியாது, ஆகவே துட்டை முதலில் அங்கே கொட்டுக என்பது அவர் கட்சி. சுழலி விற்பவர் வேறென்ன சொல்வார் என்று இகழ வேண்டா. ஊசி தட்டில் உரசிப் பாடிய காலத்தில் மோட்டாரின் நடுக்கமும் பாட்டோடு சேர்ந்து ஏறியது உண்மை.

1982-இல் சிடி வந்தது. ஒரு விநாடி ஒலியை 44,100 முறை அளந்து எண்ணாக எழுதியது. அன்றோடு தலைமடைத் தகராறு ஏறக்குறைய ஓய்ந்தது. இன்று சட்டைப்பையில் கிடக்கும் செல்போனே போதிய மூலக்கருவி.

கடைமடைக் கட்சியார் கையில் அளவுகோல் இருக்கிறது. நல்ல ஆம்ப்ளிஃபயர் பாட்டில் கலக்கும் பிறழ்வு 0.1 விழுக்காட்டுக்கும் கீழ். ஸ்பீக்கரோ கனத்த கீழ்ஒலியில் ஒரு விழுக்காட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் குதித்து, ஒரு கூம்பைத் தள்ளி, காற்றை அசைக்க வேண்டிய பாவப்பட்ட வேலை அதனுடையது. கெடுவதற்கு அதிக வாய்ப்பு எங்கோ, துட்டுக்கும் அங்கேதான் வேலை.

3. வாட் மயக்கம்

ஜங்ஷன் பக்கம் எந்தக் கடையில் ஏறினாலும் முதல் கேள்வி, "இது எத்தன வாட்டு அண்ணாச்சி?" கோயில் கொடைக்குப் பனைமரத்தில் குழாய் கட்டிக் கேட்டு வளர்ந்த காது அப்படித்தான் கேட்கும். ஆயினும் 50 வாட்டை 100 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. சத்தம் இருமடங்காகக் காதில் பட வேண்டுமாயின் வாட் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். மாறாக, 84 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை விட்டு 90 உள்ளதை எடுத்தால், அது ஆம்ப்ளிஃபயரை நான்கு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம்.

ஒயரைப் பற்றி நீட்டி எழுதுவதற்கில்லை. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஐந்து மீட்டர் போய்த் திரும்பினாலும் மின்தடை 0.07 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கர் அதைப் பொருட்படுத்தாது. தங்க முலாம் காதுக்குக் கேட்பதில்லை. தங்கம் வாங்குவதாயின் கம்மலாக வாங்குக.

4. ஐந்தாம் பங்காளி

பத்திரத்தில் பெயர் இல்லாமலே பங்கு கேட்பது அறை. மொசைக் தரை, காரைச் சுவர், காங்கிரீட் தட்டு. நடுவில் நின்று கை தட்டினால் நான்கு பக்கமிருந்தும் பதில் தட்டு வரும். பாட்டுக்கும் அதே கதி.

ஹார்வர்டில் வாலஸ் சேபின் 1895 முதல் இதை ஆராய்ந்தார். பேசினால் ஐந்து விநாடிக்கு மேல் முழங்கிய ஒரு வகுப்பறைக்குள், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகச் சுமந்துவந்து அடுக்கி, முழக்கம் குறைவதைக் கணக்கெடுத்தார். நம்மூர்ப் பெருமைக்காகப் பத்தமடைப் பாயைப் பரிந்துரைக்க ஆசைதான். ஆனால் கோரைப்பாய் மெலிது. மேல்ஒலியைச் சற்றே உறிஞ்சும், கீழ்ஒலியை அப்படியே விட்டுவிடும். கனத்த பஞ்சு மெத்தைதான் வேலைக்காகும்.

இக்கட்டுரையாளர் மெத்தையைச் சுவரில் சாத்தியபோது வீட்டம்மா கூறியது: "பாட்டுக் கேக்கதுக்கு மெத்தைய எதுக்குச் செவத்துல சாத்துதீய? கீழ போட்டுப் படுத்துக் கேளுங்க." சேபின் சூத்திரம் மெத்தையின் பரப்பைக் கேட்கிறதேயன்றி, அது எங்கே கிடக்கிறது என்று கேட்பதில்லை. ஆகவே இம்மறுப்பு அறிவியலுக்கு உடன்பாடே.

5. விதிவிலக்கு

நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களில் மூலம், பெருக்கி, ஒலிப்பான் அனைத்தும் ஒரே கல். ஒயரும் இல்லை. பங்குத் தகராறுக்கே இடம் வைக்காத ஒரே ஒலித்தொகுதி இதுவாகலாம். ஆயினும் வீட்டுக்குக் கொண்டுவர இயலாதாகையால் ஆய்வெல்லைக்குள் வாராது.

6. முடிபு

50,000 ரூபாயில் ஸ்பீக்கருக்கு 25,000; ஆம்ப்ளிஃபயருக்கு 14,000; மூலக்கருவிக்கு 4,000; மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் 4,000; நம்மூர்க் கரண்டுக்கு அஞ்சி ஸ்டெபிலைசருக்கு 2,000; ஒயருக்கு 1,000. எதிலேனும் குறைக்க நேர்ந்தால் ஸ்பீக்கரில் மட்டும் கை வைக்க வேண்டா.

கடைக்குப் போகும்போது, 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலம் வாசித்த நாகஸ்வரத்தைச் செல்போனில் ஏற்றிக்கொண்டு போங்கள். விற்பவர் வாட் கணக்குச் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, அதைப் போடச் சொல்லுங்கள். எந்த ஸ்பீக்கரில் அது நாகஸ்வரமாகக் கேட்கிறதோ அதை வாங்குங்கள். பீப்பியாகக் கேட்டால் விலை பாதியானாலும் வேண்டாம்.