தலைவன் கடைசி வரிசையில் அமர்ந்த காரணம்: ஓர் அகப்பொருள் ஆய்வு

மாணவர் தலைமைப் பண்பு மாநாடு நடக்கும் கல்லூரி அரங்கில் முதல் மூன்று வரிசைகள் ஏன் காலியாகவே கிடக்கின்றன என்ற கேள்வியைத் தமிழாய்வு உலகம் இதுவரை தொட்டதில்லை. தலைவராகும் பொருட்டு ஒரு கூட்டம் காலையிலேயே குளித்து, தலைவாரி, கழுத்தில் அடையாள அட்டையோடு வருகிறது. வந்ததும் பின்கதவுக்கு அருகில் நாற்காலி தேடுகிறது. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முண்டியடிக்கும் அதே பிள்ளைகள்தாம் இவர்கள். மேலாண்மைத் துறையினரிடம் இதற்கு விடை கிடைக்காது. அவர்கள் மேடையில் இருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் அரங்கு நிறைந்துதான் தெரியும். ஆகவே தொல்காப்பியரிடம் போக வேண்டியதாயிற்று.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் கோவைப் பக்கத்துத் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் இரண்டாமாண்டு பி.காம். மாணவர். அகத்திணையில் வருவோரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது பொருளதிகார விதி என்பதால் அவரைத் தலைவன் என்றே அழைப்போம். அவருக்காக வருகைத்தாளில் கையெழுத்துப் போடும் விடுதி அறைத்தோழர் பாங்கன். வகுப்பாசிரியை செவிலி. துறைத் தலைவர் நற்றாய்; பாடல்களில் வரும் நற்றாயைப் போலவே அவரும் தேடிப் புறப்படுவதில்லை, இருந்த இடத்திலேயே புலம்புவார்.

தலைவன் வகுப்பைப் பிரிந்த காரணத்தை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். ஓதல், பகை, தூது, பொருள் எனப் பிரிவுக்கு நூலோர் காரணம் சொன்னார்கள். ஓதலுக்காகப் பிரிவதைச் சொன்னவர்கள், ஓதலிலிருந்தே பிரிவதைச் சொல்லாமல் விட்டார்கள். அக்காலத்தில் 75 விழுக்காடு வருகைப்பதிவும் இல்லை, அதைச் சரிக்கட்டும் ஓ.டி. என்ற ஆன் டியூட்டி அனுமதியும் இல்லை. இதை ‘ஓ.டி.வயிற் பிரிவு’ என்று தனித்துறையாக வகுக்கலாம்.

மாநாட்டு அழைப்பிதழில் நேரம் காலை 9.30. அது சிறப்பு விருந்தினர் வீட்டில் காபி குடிக்கும் நேரம். அவர் வரும்வரை அரங்கில் நிகழ்வது இருத்தல், அதாவது முல்லை. முல்லைக்குரிய சிறுபொழுது மாலையாயிற்றே என்று கேட்பவர்களுக்கு, காத்திருந்து பார்த்தால் மாலையும் ஆகிவிடும் என்பது விடை. பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, 55 வினாடியில் பாட வேண்டும் என்றது. அன்றைய நாள் முழுவதிலும் சொன்ன நேரத்தில் தொடங்காவிட்டாலும், தொடங்கியபின் சொன்ன அளவுக்குள் முடிந்த ஒரே நிகழ்ச்சி அதுதான். அதற்குப் பின் வந்த வரவேற்புரைக்கு அரசாணை இல்லை.

நிகழ்ச்சி நிரலை அச்சிட்ட வரிசையில் படித்தால் பொருள் விளங்காது. செய்யுளில் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்ச் சேர்த்துப் பொருள் காண்பது நச்சினார்க்கினியர் வழி. அதற்கு மாட்டு என்று பெயர். அந்த வழியில்தான் நிரலையும் அணுக வேண்டும். விருந்தினருக்கு மதியம் ரயில் என்றால் நினைவுப் பரிசு முன்னால் வரும், பொன்னாடை அதற்கும் முன்னால் வரும், குத்துவிளக்கு தேநீர் இடைவேளைக்குப் பின் ஏற்றப்படும். அன்று அவர் பேசவேண்டிய தலைப்பு நேர மேலாண்மை. இதற்கு உரை எழுத நச்சினார்க்கினியரே தயங்குவார்.

கருப்பொருள்தான் இந்நிலத்தின் செல்வம். தெய்வம் அப்துல் கலாம். உணவு சமோசா, உச்சிக்குப் பின் லெமன் சாதம். விலங்கு, குட்டியில் கட்டிய கயிற்றை நம்பி வளர்ந்த பின்னும் நகராமல் நிற்கும் யானை. மரம், ஐந்தாண்டு தலைகாட்டாமல் இருந்து ஆறே வாரத்தில் வானளாவும் சீன மூங்கில். புள், நாற்பது வயதில் மலையுச்சிக்குப் போய்த் தன் அலகைத் தானே உடைத்து மறுபிறவி எடுக்கும் கழுகு. பறவையியலார் அறியாத இனம் இது. மேடைகளில் மட்டுமே கூடு கட்டி, பேச்சாளருக்குப் பேச்சாளர் இனப்பெருக்கம் செய்கிறது. தலைவன் ஒன்பதாம் வகுப்பு முதல் இந்தக் கழுகைச் சந்தித்து வருகிறார். அலகு முளைக்கும் கட்டத்தில் அவருக்குக் கண் சொக்கும்.

இனி நிலம். வலப்பக்கச் சுவரோரம் ஏசிக்குக் கீழே, பிளக் பாயின்ட் உள்ள இடம் குறிஞ்சி. ஏசியால் கூதிர்காலமும், ப்ரொஜெக்டருக்காக விளக்கணைப்பதால் யாமமும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன. புணர்தல் கைபேசிக்கும் சார்ஜருக்கும். பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். பொழுது நண்பகல், ஒழுக்கம் பிரிதல். லெமன் சாதம் முடிந்து ஜெனரேட்டரும் நின்ற அரங்கை இதைவிடத் துல்லியமாக எவரும் வருணித்ததில்லை.

முன்வரிசைக்கு வருவோம். அது ஒரே ஒரு கணம் நிரம்புகிறது. ஒருங்கிணைப்பாளர் மைக்கைப் பிடுங்கி, “பின்னாடி இருக்கறவங்க எல்லாம் முன்னாடி வாங்கப்பா, போட்டோ எடுக்கோணும்!” என்பார். கல்லூரியைத் தரமதிப்பிட வரும் நாக் குழுவுக்குக் காட்ட அட்சரேகை, தீர்க்கரேகை பொறித்த படம் தேவை. க்ளிக் ஆனதும் கூட்டம் வடிந்துவிடும். ஆக, முன்வரிசை மீது வெறுப்பில்லை. அங்கேயே தங்கியிருப்பதில்தான் அச்சம். அந்த அச்சத்தின் வேர் பிற்பகல் அமர்வில் தெரிந்தது. பயிற்சியாளர், “ஒரு வாலண்டியர் வேணும்” என்றார். அரங்கமே குனிந்து செருப்பைப் பார்த்தது. குனியத் தாமதித்த ஒரு முதலாமாண்டுப் பையன், தெரியாமல் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தவன், மேடைக்கு இழுக்கப்பட்டான். ஸ்ட்ராவும் செல்லோடேப்பும் கொடுத்து, ஒரு குழுவுக்குத் தலைவனாக்கி, கோபுரம் கட்டச் சொன்னார்கள். கோபுரம் சரிந்தபோது, “தலைவர் என்ன கத்துக்கிட்டீங்க?” என்று மைக்கை நீட்டினார்கள். முன்னால் உட்கார்ந்தால் தலைமை வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதை மற்றவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். மாநாடு ஒருநாள் முழுக்கக் கற்பிக்க முயன்ற தொலைநோக்கு அவர்களிடம் வரும்போதே இருந்தது.

நம் தலைவன் அந்நேரம் சுரம் கடந்துவிட்டார். செவிலி தேடிப் புறப்பட்டார். வழியில் கேன்டீன் அண்ணனைக் கேட்க, “பசங்க வயசு அப்படிங்க மேடம், உங்ககிட்டயே இருப்பாங்களா?” என்றார் அவர். கலித்தொகையில் முக்கோற் பகவர் செவிலிக்குச் சொன்ன ஆறுதலும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் டீ ஆற்றவில்லை, அவ்வளவே வேறுபாடு. இறுதியில் பாங்கன் அறத்தொடு நின்றான்: “மேம், அவன் மெஸ்ஸுக்குப் பின்னாடி கிரிக்கெட் ஆடறான்.” அறத்தொடு நிற்றல் தோழிக்கு உரியது, பாங்கன் செய்தது வழு. ஆனால் அவனுடைய இன்டர்னல் மதிப்பெண் செவிலி கையில் இருந்தபடியால் வழுவமைதியாகக் கொள்க.

தலைவனுக்கும் சான்றிதழ் கிடைத்தது. ‘முனைப்புடன் பங்கேற்றார்’ என்றிருந்தது. பெயரில்தான் ஓர் எழுத்து தவறியிருந்தது. அதை எண்ணி மாலை முழுதும் அவர் இரங்கினார் என்பதால் நெய்தலும் நிறைவுற்றது. மருதம் மட்டும் அகப்படவில்லை. ஊடல், நாற்காலி அடுக்கும் தன்னார்வலர்களிடையே நிகழ்வதாகக் கேள்வி. அதைக் கள ஆய்வு செய்ய அடுத்த மாநாட்டுக்கு ஓ.டி. கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். நற்றாய் இன்னும் கையெழுத்திடவில்லை.