நூல் உங்களுடையது, டிசைன் அவருடையது

குரோஷா பின்னலில் புது டிசைன் விற்கப்போகிறவர், அதற்கு முன் “பின்னிப் பார்த்துப் பிழை சொல்லுங்கள்” என்று தன்னார்வலர்களைத் தேடுகிறார். நூல் உங்கள் காசு. திண்டுக்கல் சித்திரை வெயிலில் கம்பளி ஸ்வெட்டர், கெடு இரண்டே வாரம். வரிசைக்கு வரிசை கண்ணி எண்ணி, நல்ல வெளிச்சத்தில் படமும் எடுத்து அனுப்ப வேண்டும். கூலி? அதே டிசைன், இலவசமாக! (அதைத்தான் பின்னி முடித்தாயிற்றே.)

இதே ஊரின் மற்ற கைத்தொழில்களைப் பாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது திண்டுக்கல் பூட்டு. அதில் ஒரு வகையான மாங்காய்ப் பூட்டைச் செய்கிறவர் சாவியைத் தானே திருகிப் பார்க்கிறார். எதிர்வீட்டுக்காரரை இரும்பு வாங்கிவரச் சொல்வதில்லை. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவருக்கும், சொற்பமானாலும், கூலி உண்டு.

நூலுக்குப் பணமும், முடியாவிட்டால் பாதியில் விலகும் உரிமையும் முதலிலேயே எழுதித் தராதவருக்காக ஊசியை எடுக்காதீர்கள், அக்கா.