வெட்டாக் கத்தி இலக்கணம்

பாயிரம்

அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் கத்திச் சேகரிப்போர் சங்கம் உண்டு. ஆண்டுக்கொரு முறை ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து, நீள மேசைகளில் பச்சைத் துணி விரித்து, சங்கம் பிறந்த நாளைக் கொண்டாடுவார்கள். அவ்வகை விழா ஒன்றில் கண்டதைத் தொகுத்தும் வகுத்தும் விரித்தும் சொல்வது இந்நூல். கேட்போர் யாரெனின், கத்தி என்றால் வெட்டுவதற்கு என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்கள். பயன் யாதெனின், அந்த நம்பிக்கை தொலைவது.

1. திணை இயல்

விதி: வெட்டாதது உயர்திணை. வெட்டுவது அஃறிணை. வெட்டலாமா என்று உடையவர் தயங்குவது விரவுத்திணை.

உரை: உயர்திணைக் கத்தி தொழிற்சாலையில் தீட்டியதோடு சரி. சாணைக்கல்லையும் பார்த்ததில்லை, ஆப்பிளையும் பார்த்ததில்லை. அதன் மதிப்பு அதற்கு நேர்ந்தவற்றால் வருவதன்று, நேராதவற்றால் வருவது. தீட்டாமை, நனையாமை, கீறல் படாமை, பெட்டி தொலையாமை என்னும் நான்கு இன்மைகளும் கூடிய கத்தியை ‘மின்ட்’ என்பர். ஒரே ஒரு முறை சாணை பிடித்தாலும் படி இறங்கிவிடும். நம்மூரில் ஆயுதபூசையன்று ஒரு நாள்தான் கருவிகளுக்கு ஓய்வு. இங்கே ஆயுள் முழுக்க ஆயுதபூசை. சந்தனம் குங்குமத்துக்குப் பதில் மினரல் ஆயில்.

உயர்திணையுள்ளும் தலையாயது ஆண்டுவிழாக் கத்தி. சங்கத்தின் பெயரையும் ஆண்டையும் அலகில் பொறித்து, வரிசை எண் போட்டு, உறுப்பினர்களுக்கென்றே செய்விப்பது. விழாவன்று அவை வந்த அட்டைப்பெட்டி பழுப்பு நாடா ஒட்டி இறுக மூடியிருந்தது. மேசை மேசையாகக் கத்திகள் பரப்பிய கூடம். செயலாளர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு கார் சாவியை எடுத்து நாடாவைக் கிழித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. விதிக்கு இதுவே எடுத்துக்காட்டு.

வெட்டாக் கத்தியைப் போற்றுவது இக்காலத்தார் கண்டுபிடித்த வழக்கோ எனின், அன்று. மார்க் ட்வைனின் ‘டாம் சாயர்’ 1876-இல் வந்த நாவல். அதில் விவிலிய வசனம் மனப்பாடம் செய்த சிறுவன் டாமுக்கு அவன் உறவுக்காரப் பெண் மேரி பன்னிரண்டரை சென்ட் பெறுமான பார்லோ என்னும் மடக்குக் கத்தி ஒன்றைத் தருகிறாள். அது எதையும் வெட்டாது என்று ஆசிரியரே சொல்லிவிடுகிறார். ஆனாலும் அசல் பார்லோ என்பதால் பையனுக்குத் தலைகால் புரியவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822-ஆம் ஆண்டில் 1,822 அலகுகள் கொண்ட கத்தி ஒன்றைச் செய்து, பின்னாளில் மேலும் அலகுகள் சேர்த்தது. அதைக் கையில் பிடிக்கவே முடியாது, வெட்டுவது எங்கே? உயர்திணையின் உச்சம் அதுவே.

அஃறிணைக்கு எடுத்துக்காட்டு, கொல்லர் தேர்வுக் கத்தி. 1976-இல் தோன்றிய அமெரிக்கக் கத்திக்கொல்லர் சங்கத்தில் தேறவேண்டுமானால், தான் அடித்த கத்தியால் தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்கவேண்டும். மரச்சட்டத்தை இருமுறை துண்டாக வெட்டவேண்டும். அதன் பிறகும் அதே அலகு கைமயிரை மழிக்கவேண்டும். கடைசியில் முனையைப் பட்டறைப் பிடியில் இறுக்கி 90 பாகை வளைப்பார்கள்; முறியக்கூடாது. கொல்லருக்குப் பட்டம், கத்திக்குக் கூன்.

விரவுத்திணை அவரவர் கால்சட்டைப் பையில் கிடப்பது. மதியம் ஆரஞ்சு உரிக்கும், தாள் கிழிக்கும், மேசைக்கு வராது. ஆனால் அதே கத்தி தாத்தாவின் பையில் இருந்தது என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தக் கணமே உயர்திணை.

2. சேகரிப்போர் இயல்

விதி: சேகரிப்போர் ஐவகையர்: எண்ணர், செவியர், ஒருமையர், கதையர், உடன்வந்தோர்.

உரை: எண்ணர் கத்தியைப் பார்ப்பதில்லை, படிப்பார்கள். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்யப்படும் கேஸ் கத்திகளில் அலகின் அடியில் எண் பொறித்திருக்கும். 6254 என்றால், 6 எலும்புப் பிடி, 2 இரண்டு அலகு, 54 ‘டிராப்பர்’ என்னும் வடிவம். அதோடு முடியாது. 1970-இல் நிறுவன முத்திரையின்கீழ்ப் பத்துப் புள்ளிகள் வைத்தார்கள்; ஆண்டுக்கொன்றாகக் குறைத்து 1979-இல் ஒரே புள்ளியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆகவே எண்ணர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தால், அவர் புள்ளி எண்ணி முடிக்கும்வரை பேச்சுக் கொடுக்கலாகாது. குறுக்கிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.

செவியர் மடக்குக் கத்தியைக் காதருகே வைத்துத் திறந்து மூடுவார்கள். அலகின் அடி வில்லின்மேல் வழுக்கிப் போவது நடை. முடிவில் ‘சொடக்’ என்று விழுவது பேச்சு. இரண்டும் நன்றாக இருந்தால் தலையசைத்து வைத்துவிடுவார்கள். பேச்சு மந்தமானால் வில் தளர்ந்தது என்று பொருள். அந்தக் கத்தியின் உடையவர் முகமும் உடனே தளரும்.

ஒருமையர் ஒரே வகையைத் தவிர வேறொன்றைத் தீண்டார். பிடியின் தலைப்பில் நீண்ட பூண் உள்ள பார்லோவை மட்டும் வாங்குகிறவர், அடுத்த மேசையில் அதைவிட நல்ல கத்தி இருந்தாலும் அதைச் சுவராகவே கருதுவார்.

கதையரின் மேசையில் விற்பனைக்கு ஒன்றுமில்லை. வாங்க வந்தவருக்குக் கதை இலவசம், நாற்காலியும் போடுவார்.

உடன்வந்தோர் மனைவியர், சில இடங்களில் கணவன்மார். என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்னும் வினாவுக்கு மேசையில் ஒரு விடையும் வீட்டில் ஒரு விடையும் உண்டு. இரண்டையும் அறிந்து இரண்டையும் நம்பாதவர் இவர் ஒருவரே. எனவே சங்கத்தின் உண்மையான தணிக்கையாளர் இவரே என்க.

3. தொடுநிலை இயல்

விதி: கேட்டுத் தொடுக. பிடியைத் தொடுக. அலகைத் தொடற்க.

உரை: விரலில் ஈரமும் உப்பும் உண்டு. கரிம எஃகில் அவை பட்டால், தொட்டவரின் ரேகையே துருவாக எழுந்து சாட்சி சொல்லும். அதனால் ஒவ்வொரு மேசையிலும் மெல்லிய துணி ஒன்று கிடக்கும். நீங்கள் பார்த்துவிட்டு வைத்ததும், உங்களோடு பேசிக்கொண்டே, உங்களைப் பார்க்காமலே, மேசைக்காரரின் கை துணியை எடுத்து அலகைத் துடைக்கும். இது அவமதிப்பன்று, அனிச்சை.

கைமாற்றும் முறை வேறு. நம் வீடுகளில் கத்தியைக் கையில் கொடுக்காமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வோருண்டு. அங்கே பிடியை நீட்டுவார்கள். வாங்கியவர் வாய்விட்டு நன்றி சொன்ன பிறகே விடுவார்கள். பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுபடும் என்ற பயமும் உண்டு. வாங்குகிறவர் ஒரு சில்லறைக் காசைக் கொடுத்தால் அது விற்பனையாகிவிடும், நட்பு பிழைக்கும்.

4. நோய் இயல்

விதி: வெட்டாத கத்திக்கும் சாவு உண்டு.

உரை: பழைய செல்லுலாய்டு பிடிகள் காலப்போக்கில் சிதைந்து அமில வாயுவைக் கக்கும். தன் அலகை மட்டுமன்று, அதே பெட்டியில் பக்கத்தில் படுத்திருக்கும் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். மருந்து இல்லை; தனியே பிரித்து வைப்பதே வழி. தோலுறையும் நம்பத்தக்கதன்று: பதனிட்ட தோலில் தங்கிய ரசாயனங்கள் பித்தளைப் பூணில் பச்சையாகப் பூக்கும். ஆக, உறையிலிருந்து எடுத்து வைப்பதுதான் கத்தியைப் பாதுகாப்பது.

5. புறனடை

விதி: சும்மா பார்க்க வந்தோர் என ஆறாவது வகை ஒன்று உண்டு. அது நுழையும்போது மட்டுமே உண்டு.

உரை: இந்நூலாசிரியன் வாசலில் சீட்டு வாங்கும்போது அவ்வகையினன். பிற்பகலில் மஞ்சள் பிடிக் கத்தி ஒன்றைக் கையில் வாங்கியவன், முத்திரையின்கீழ்ப் புள்ளிகள் சரியாகத் தெரியவில்லை என்று பக்கத்து மேசைக்காரரிடம் பூதக்கண்ணாடி கேட்டான். அவர் கண்ணாடியோடு உறுப்பினர் விண்ணப்பப் படிவத்தையும் சேர்த்துக் கொடுத்தார். மறுப்பதற்கு விதி ஒன்றும் கிடைக்கவில்லை.