மீன் மீன் குழம்பு

பெயர்க்காரணம் சொல்வது எனக்கு ஒரு வியாதி. ஊரில் எல்லாப் பெயருக்கும் ஒரு கதை இருக்கும். இல்லாவிட்டால் என்னிடம் இருக்கும். இதில் நான் நன்றாக மண்ணைக் கவ்வியது ஜிலேபி மீனிடம்.

செம்பரம்பாக்கம் ஏரி மீனோடு வந்த மச்சானிடம், "செதிலை நல்லாப் பாருங்க, சுத்திச் சுத்திக் கோடு தெரியுதா? அதான் ஜிலேபி" என்றேன். பாவம், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். இன்னொரு வீட்டு விருந்தில், சதை இனிக்கும் என்பதால் வந்த பெயர் என்று மாற்றிச் சொன்னேன். ஆவடி மார்க்கெட்டில் மீன் வெட்டும் அக்காவிடம் ஆரம்பித்தபோதுதான் தடை வந்தது. "தலைய எடுத்துடவா, வச்சிக்கவா? அத்தச் சொல்லு சார்."

கடைசியில் என் கதைகளை அடக்கம் செய்தவள், பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண். "அங்கிள், அது திலேப்பியா." தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1840இல் வைத்த பெயராம். அங்கே சுவானா மொழியில் மீனுக்கு வழங்கும் சொல்லையே லத்தீன் ஆக்கிவிட்டார். மொசாம்பிக் திலேப்பியா 1952இல் இந்தியாவுக்கு வந்தது. நம் வாய் அதை நேராக இனிப்புக் கடைக்குள் தள்ளிவிட்டது. ஆக, ஜிலேபி மீன் என்றால் மீன் மீன். நடு சென்டர் மாதிரி. ஜிலேபியாவது நம்முடையதா என்றால், அந்தச் சொல்லும் மேற்காசியாவிலிருந்து வந்ததுதான். இதற்குள் விஞ்ஞானிகள் நம் ஏரி மீனைத் திலேப்பியா பேரினத்திலிருந்தே எடுத்து ஒரியோகுரோமிஸில் சேர்த்துவிட்டார்கள். மார்க்கெட்டுக்கு அந்தச் சேதி இன்னும் வரவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். போன மானத்தை மீட்க, மொட்டைமாடி சிமெண்ட் தொட்டியில் சிலவற்றை வளர்த்தேன். ஒருநாள் பெண் மீன் வாயைத் திறக்க, பொடிக் குஞ்சுகள் மொத்தமும் உள்ளே போயின. பெற்றதையே தின்னும் ஜென்மம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் இனமாம் அது. அந்த நாட்களில் தாய்க்கு ஏறக்குறையப் பட்டினி. இதையும் அந்தப் பெண்தான் சொன்னாள், சிரிக்காமல். சிரித்திருந்தால் தேவலை.

இப்படிக் குஞ்சைக் காத்துக் காத்துப் பெருகித்தான் ஏரி ஏரியாக நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. குழம்புக்கு மோசமில்லை, வறுவலுக்கு இன்னும் நல்லது. முதுகுச் செட்டையில் இருக்கும் முள் கையைக் கிழித்துவிடும்; வாங்கும் இடத்திலேயே சீவித் தரச் சொல்லுங்கள். பெயர்க்காரணத்தை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், சொல்லிவிடுவேன்.