கிளி தவறவிட்ட பந்தி

கேள்வி: 'இலவு காத்த கிளி' என்கிறோம். கிளிக்குத்தான் ஏமாற்றம், முள்ளிலவு மரத்தால் மனிதனுக்காவது லாபம் உண்டா?
– ஒரு வாசகர், கியாக்டடா, ரங்கூன்

பதில்: கிளி செய்த ஒரே தப்பு, காய்க்காகக் காத்திருந்தது. பூக்கும்போதே பந்தியில் உட்கார்ந்திருக்க வேண்டும்! மாசி வாக்கில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கிற மரத்தில் உள்ளங்கை அகலச் சிவப்புப் பூக்கள். மைனாவும் காக்கையும் தேனுக்கு அடித்துக்கொள்ளும்.

நீங்கள் இருக்கும் நாட்டில் இதற்கு லெப்பான் என்று பெயர். உதிர்ந்த பூவைப் பொறுக்கி, இதழைக் களைந்து, நடுவிலுள்ள இழைகளை மட்டும் வெயிலில் காயவைப்பார்கள். ஷான் மக்கள் குழம்பில் போடுவது அதைத்தான். எல்லை தாண்டினால் வட தாய்லாந்தின் 'நாம் ஙியாவ்' நூடுல்ஸ் குழம்பிலும் அதே இழைகள் மிதக்கும். ஊறியதும் மெத்தென்று, கடிக்க இதமாக இருக்கும்.

பட்டையிலிருந்து வடியும் பிசின் பழுப்பும் சிவப்புமாக இறுகும், துவர்ப்பு. சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் வயிற்றுப்போக்கு, சீதபேதிக்கு மருந்து. வைத்தியரைக் கேட்டே சாப்பிடுங்கள்.

பஞ்சு தலையணைக்கு, மரம் தீக்குச்சிக்கும் பிளைவுட்டுக்கும். ராஜஸ்தானின் உதயப்பூர் பக்கம் ஹோலிக் கம்பத்துக்காக இளமரங்களை வெட்டி எரிக்கிறார்கள். அங்கே மரமே அருகிவருகிறது. வருஷா வருஷம் சோறு போடக்கூடிய மரத்தை ஒரு ராத்திரி நெருப்புக்குக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.