அட்டைப்பெட்டிக்குள் ஒரு உளவாளி

1998-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'மெட்டல் கியர் சாலிட்' விளையாட்டில், அலாஸ்காவின் அணு ஆயுதக் கிடங்கைக் காக்கும் வீரர்கள் தங்கமானவர்கள். பனியில் காலடித் தடம் கண்டால் மோப்பம் பிடித்தபடி பின்தொடர்வார்கள். தடம் ஒரு அட்டைப்பெட்டி முன் முடிந்தால், 'அட, பெட்டி!' என்று திரும்பிவிடுவார்கள். நாம் கோட்டைவிட்டு அவர்கள் கண்ணில் பட்டால்கூடப் பரவாயில்லை. திரையின் மேலே ஓடும் எண் இறங்கி முடிந்ததும் பழையதெல்லாம் மறந்து ரோந்துக்குப் போய்விடுவார்கள். இவர்களை நம்பித்தான் அணுகுண்டு!

2004-இல் கேம்கியூபுக்கு 'தி ட்வின் ஸ்நேக்ஸ்' என்று புதுப்பித்தார்கள். படம் பளபளத்தது, கூடவே மயக்க ஊசித் துப்பாக்கியும் வந்தது. நாயகன் கண்வழியே குறிபார்த்துச் சுடலாம் என்றார்கள். பிணைக்கைதியைச் சுற்றிச்சுற்றி ஓடி, நம்மைத் திணறடித்த எதிரி ஓசெலாட், நாம் நின்ற இடத்திலிருந்தே சுட, அடிவாங்கலானார். போதாக்குறைக்கு, இடைக்காட்சியில் நாயகன் பறந்துவரும் ஏவுகணையை மிதித்துத் தாவுகிறார். ஒளிந்து போகவேண்டியவருக்கு இந்தச் சர்க்கஸ் எதற்கு?

மெரில் என்ற பாத்திரத்தின் ரேடியோ அலைவரிசையை முதல் பதிப்பு ஒளித்துவைத்த இடம் சிடி உறையின் பின்பக்கம். அதையும் சேர்த்து 2023-இல் வந்த 'மாஸ்டர் கலெக்‌ஷன்' தொகுப்பைத் தரவிறக்கியவர் எந்த உறையைத் திருப்புவார்? அவருக்காக இதோ: 140.15. முதல்முறை ஆடுபவர்கள் ட்வின் ஸ்நேக்ஸைப் பிறகு பார்க்கலாம். பழைய பிளேஸ்டேஷன் பதிப்பே முந்தி.