55 கிலோ அண்ணன்

மத்தியானத்திலிருந்தே அண்ணன் எச்சில் துப்பிக்கொண்டிருந்தால், ராத்திரி எங்கேயோ 55 கிலோ கபடி என்று அர்த்தம். தண்ணீர் குடிக்கமாட்டார். அண்ணி சோறு போட்டால் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். மூச்சிலும் கொஞ்சம் எடை போகும் என்பது அவர் நம்பிக்கை.

அவர் 58 கிலோ. பொங்கலில் தொடங்கித் திருவிழாக்கள் ஓயும்வரை, கூடுதலான அந்த மூன்று கிலோவையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு குன்னம், செந்துறை, திருமானூர் என்று சுற்றுகிறோம். அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, அடுத்த வருஷமே பெரம்பலூரோடு ஒட்டி, 2007-இல் மறுபடி பிரிந்தது. மூன்று காலத்திலும் ஆடியவர் அண்ணன். மூன்றிலும் 55 கிலோதான்.

அவர் ஏறாத தராசு இல்லை. வெங்காய மண்டியில் ஏறினார், 56 காட்டியது. முகமெல்லாம் பல். "வாங்குற எடத்துல கொறச்சுத்தாண்ணே காட்டும்" என்றேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. சுண்ணாம்புக்கல் லாரி ஏறும் எடைமேடையையும் விடவில்லை. அது பத்து கிலோவுக்குக் குறைந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது என்று தெரிந்ததும், "கபடிக்கு இதத்தான்டா வைக்கணும்" என்றார்.

கமிட்டி மேசை முன்னால் நடப்பதுதான் உண்மையான ஆட்டம். 55.400. சட்டை போகும், வாட்ச் போகும், தாயத்து போகும். மைதானத்தை நாலு சுற்று ஓடிவிட்டு வந்தால் 55.150. அரைஞாண் கயிறும் போகும். சிறுவாச்சூரில் போட்ட மொட்டையை அண்ணி இன்றைக்கும் வேண்டுதல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

புரோ கபடியில் 85 கிலோ வரை விடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாள் முதல் அண்ணனுக்கு ஒரு ஏக்கம். "அங்கன்னா இன்னும் இருவத்தேழு கிலோ திங்கலாம்டா." 2017-இல் தமிழ் தலைவாஸ் வந்தபோது கொஞ்ச நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

எதிரே நாலு பேர் நின்றாலும் போனஸ் கேட்டுச் சண்டை போடுவார். ஆறு பேராவது நிற்க வேண்டும் என்ற விதி அவருக்கு மட்டும் மறந்துபோகும். அது கிடக்கட்டும். கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவர் உள்ளே போகும்போது பார்க்க வேண்டும். அந்த முப்பது வினாடிக்கு வயசும் கிடையாது, எடையும் கிடையாது. கால் நுனியால் ஒருவனைத் தொட்டுவிட்டு, நழுவி, சிரித்துக்கொண்டே திரும்பி வருவார். எனக்கே விசில் வந்துவிடும்.

இரண்டாவது ரெய்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார். காலையிலிருந்து பட்டினி கிடந்தால் வேறென்ன ஆகும்? நாங்களும் முதல் சுற்றோடு வெளியே.

நான் 52 கிலோ. அம்மா பெற்றெடுத்த 52. துப்பாமல், ஓடாமல், அரைஞாணோடு ஏறினாலும் 52. பெட்ரோல் என்னுடையது, நுழைவுக் கட்டணத்தில் பாதியும் என்னுடையது. மூன்று வருஷமாக ஜெர்சி போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ரெய்டு, ஒரே ஒரு ரெய்டு விட்டால் என்ன? கேட்டால், "சீனியர் இருக்கும்போது எப்பட்றா" என்கிறார்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஹைவே ஓரக் கடையில் ஆறு புரோட்டா சாப்பிடுகிறார். தனியாகச் சாப்பிட்டால் இறங்காதாம். எனக்கும் நாலு சொல்லுவார். போன வாரம் மண்டித் தராசில் சும்மா ஏறிப் பார்த்தேன். 54. அதுவும் வாங்குகிற இடத்துத் தராசில்.